ஆடலாம், உறுப்பினராக முடியாது

எங்கள் வீட்டுப் பரணில் ஒன்பது ஸ்கோர் நோட்டுகள் இருக்கின்றன. எல்லாம் என் கையெழுத்து. 2005இல் நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது தொடங்கி 2013இல் முடிகின்றன. காலனிப் பையன்கள் ஆடும் இடத்தில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்ற கேள்வி முதல் இரண்டு வாரம் இருந்தது. எக்ஸ்ட்ரா ரன்களைத் தப்பில்லாமல் கூட்டத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்பது தெரிந்ததும் அந்தக் கேள்வி காணாமல் போனது. மட்டையைத் தொட மட்டும் கடைசிவரை விடவில்லை. அதைத் தனியாக எழுத வேண்டும்.

போன மாதம் அந்த நோட்டுகளை இறக்கிப் புரட்டினேன். சுற்றுவட்டாரத்தில் இருக்கும் எல்லாக் காலனி அணிகளின் பெயரும் அதில் இருக்கிறது. பாதிப் பெயர்களில் அம்பேத்கர் இருக்கிறார். எங்கள் ஊர்த்தெரு அணியின் பெயர் ஒன்பது ஆண்டுகளில் இரண்டே இடத்தில் வருகிறது. இரண்டு ஆட்டமும் பாதியில் நின்றவை. ஒன்றில் பதினோராவது ஓவருக்குப் பிறகு 'மேட்ச் நின்றது' என்று எழுதியிருக்கிறேன். இன்னொன்றில் அதுகூட இல்லை, பக்கத்தின் மீதி வெறுமையாக இருக்கிறது. ஒரே ஊரில் இரண்டு சுடுகாடு இருப்பது யாருக்கும் வியப்பில்லை என்பதுபோல, ஒரே ஊரில் இரண்டு கிரிக்கெட் அணி இருப்பதும் யாருக்கும் வியப்பில்லை.

நான் எழுத வந்தது ஊருக்கும் காலனிக்கும் இடையிலான ஆட்டத்தைப் பற்றி அல்ல. அதைச் சினிமாவே எடுத்துக்கொண்டுவிட்டது. 2024 ஜனவரியில் வந்த 'ப்ளூ ஸ்டார்' அரக்கோணம் பக்கத்து இரண்டு அணிகளின் கதை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'லப்பர் பந்து', நன்றாக ஆடுகிறவனைச் சாதி பார்த்து அணிக்கு வெளியே நிறுத்துவதைப் பேசியது. இரண்டையும் நம் தோழர்கள் கொண்டாடினார்கள், நானும் கொண்டாடினேன். ஆனால் டென்னிஸ் பந்து மைதானத்தைத் தாண்டி ஒரு மேசை இருக்கிறது. மாவட்ட லீக்கில் எந்த கிளப் ஆடலாம், எது ஆடக் கூடாது என்று முடிவு செய்கிற மேசை. அதன் முன்னால் போய் நின்ற கதையை யாரும் அதிகம் எழுதவில்லை.

2010இல் எங்கள் அணி தாலுகா அளவிலான ஒரு ஸ்டிச் பால் போட்டியில் கோப்பை வாங்கியது. தோல் பந்தில் அதுதான் முதல் கோப்பை. அந்த உற்சாகத்தில், மாவட்ட லீக்கின் கடைசி டிவிஷனில் சேர விண்ணப்பிப்பது என்று முடிவானது. விண்ணப்பத்தை எழுதியது நான்தான். பதினேழு வயதில் எனக்குத் தெரிந்த அதிகபட்ச மரியாதைச் சொற்கள் அத்தனையும் அதில் இருந்தன. அண்ணனும் இன்னும் மூன்று பேரும் கொண்டுபோனார்கள். சங்கப் பொறுப்பாளரின் அலுவலகம் என்பது அவருடைய கடைதான். அவர் தாளைப் பிரிக்கவில்லை.

“புது கிளப்லாம் இப்ப எடுக்கறது இல்லப்பா, எடமில்ல. நல்லா ஆடற பசங்க நாலு பேர் இருந்தா சொல்லுங்க. இருக்கற கிளப்ல போட்டு விடறேன்” என்றார்.

அண்ணன் “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு வந்தான்.

எங்கள் அணி அன்றைக்கு முடிந்தது. உடனே கலையவில்லை, நோட்டு இன்னும் மூன்று ஆண்டு ஓடியது. ஆனால் நல்ல பந்து வீசுகிற நான்கு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்து கிளப்களுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குப் போனார்கள். அந்தப் பொறுப்பாளர் எங்களை வெறுத்தார் என்று நான் நினைக்கவில்லை. வாய்ப்புக் கொடுத்ததாகவே அவர் இன்றும் நம்பிக்கொண்டிருப்பார்.

அண்ணன் மூன்று சீசன் ஆடினான். அவனுடைய கிளப்புக்கு ஒரு பெயர் உண்டு, தொடங்கி ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. நிறுவியவரின் மகன் தலைவர், மருமகன் செயலாளர். அண்ணன் அங்கே பதிவு செய்யப்பட்ட ஆட்டக்காரன். ஆட்டக்காரன் என்பதும் உறுப்பினர் என்பதும் வேறு வேறு என்பது எனக்கே பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. ஆய்வு மாணவி என்பதால் ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சங்க விதிகளைக் கையில் கிடைத்தால் படித்துவிடுவேன். ஆட்டக்காரனுக்கு ஓட்டுக் கிடையாது. பொதுக்குழுவில் உட்கார முடியாது. கணக்குக் கேட்க முடியாது. இந்த ஆண்டு யார் கேப்டன், யாரை மாவட்டத் தேர்வுக்கு அனுப்புவது என்று பேசும் இடத்தில் அவனுக்கு நாற்காலி இல்லை. கிளப் உறுப்பினர்களுக்குச் சொந்தம். மாவட்டச் சங்கம் கிளப்களுக்குச் சொந்தம். மாநிலச் சங்கம் சென்னை லீக் கிளப்களுக்கும் மாவட்டச் சங்கங்களுக்கும் சொந்தம். அதற்கு மேலே இந்தியக் கிரிக்கெட் வாரியம். இத்தனை அடுக்கிலும் என் அண்ணனுக்கு இருந்த இடம் புதுப்பந்தும் முதல் எட்டு ஓவரும்.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. சென்னையில் கிரிக்கெட் வேர்விட்ட கதையை ஒரு முறை திரும்பிப் பார்த்தால் போதும். 1846இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளையருக்கானது. அங்கே ஆட வந்த இந்தியர்களுக்குப் பெவிலியனில் இடமில்லை, மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்த அவமானம் தாங்காமல்தான் புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார் என்று சென்னைக் கிரிக்கெட் வரலாற்றை எழுதுகிறவர்கள் எல்லாரும் பெருமையோடு சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான், பெருமைப்பட வேண்டிய செயல்தான். அவர் பெயரில் இன்றும் போட்டி நடக்கிறது.

அதே காலத்தில் புனேயில் பல்வங்கர் பாலு வெள்ளையர் கிளப்பில் பிட்ச் உருட்டிக்கொண்டிருந்தார். சமார் சாதியில் பிறந்தவர். துரைமார்களுக்கு மணிக்கணக்கில் வலையில் பந்து வீசினார், மட்டை பிடிக்க மட்டும் அவருக்கு வாய்ப்பில்லை. வெள்ளையரைத் தோற்கடிக்க வேண்டுமென்றால் இவர் வேண்டும் என்று புனே இந்துக்களின் கிளப்புக்குத் தெரிந்தபோது சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே மண்குவளை. 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் அவர் எடுத்த விக்கெட் 114. அப்படியும் இந்துக்கள் அணிக்கு அவரைக் கேப்டன் ஆக்கவில்லை. தம்பிகள் எதிர்ப்புத் தெரிவித்து அணியிலிருந்து விலகிய பிறகு, நீண்ட இழுபறிக்குப் பிறகு, 1923இல் தம்பி விட்டல் கேப்டன் ஆனார். (பாலு 1937 தேர்தலில் பம்பாயில் புரட்சியாளர் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நமக்கு வசதியான பாதியை மட்டும் சொல்லக் கூடாது.)

மரத்தடிச் சாப்பாட்டை அவமானம் என்று உணரத் தெரிந்த அதே காலத்து இந்தியக் கிரிக்கெட்டுக்கு மண்குவளை அவமானமாகத் தெரியவில்லை. பாலு அன்றைய ஆட்டக்காரர். உறுப்பினர் அல்ல. கிளப் என்ற வடிவமே அப்படிப்பட்டது. யாரை உள்ளே விடுவது என்று ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் முடிவு செய்யும் இடம் அது. அக்ரகாரத்துக்கோ ஊர்க்கூட்டத்துக்கோ இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, அவர்களுக்குப் பழக்கமான விதிதான்.

1930களில் சென்னையில் லீக் தொடங்கியபோது அதில் ஆடிய கிளப்கள் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இருந்தன. முதல் டிவிஷன் கோப்பைக்கு ஒரு ஜமீன்தாரின் பெயர், பாளையம்பட்டி ராஜா ஷீல்டு. இன்றும் அதே பெயர்தான். பிறகு கம்பெனிகள் வந்தன. ஜாலி ரோவர்ஸ் என்றால் சன்மார், இந்தியா பிஸ்டன்ஸ் என்றால் அமால்கமேஷன்ஸ். வங்கிகளும் அரசு அலுவலகங்களும் அணி வைத்திருந்தன. அணி என்றால் வேலை, வேலை என்றால் சம்பளம், பென்ஷன். இரண்டு மூன்று தலைமுறைக்கு லீக் கிரிக்கெட் என்பது வேலைக்கான வாசல். அந்த வாசலில் மயிலாப்பூர்ப் பையனுக்குக் கிடைத்தது வெறும் மட்டையாட்டம் அல்ல. அண்டை வீட்டு மாமா கிளப்பின் செயலாளராக இருப்பது, பள்ளிக்கூடத்தில் டர்ஃப் பிட்ச் இருப்பது, தேர்வாளரின் பெயர் வீட்டில் அன்றாடம் அடிபடுவது எல்லாம் சேர்ந்துதான் பிறகு 'கிரிக்கெட் அறிவு' என்று அழைக்கப்பட்டது. பொதுத்துறை வங்கிகள் ஆட்டக்காரர்களை எடுப்பதைக் குறைத்துக்கொண்ட காலத்தில்தான் எங்களைப் போன்றவர்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தோம். இதுவும் புதிதல்ல.

இங்கே நம் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். இந்திய அணி அறிவித்தவுடன் நாம் செய்கிற ஒரு வேலை உண்டு, பதினொருவரில் பூணூல் எத்தனை என்று எண்ணுவது. தமிழ்நாட்டிலிருந்து இந்தியாவுக்கு ஆடியவர்களின் பட்டியலைப் போட்டால் அந்த எண்ணிக்கை ஒரு உண்மையைச் சொல்லத்தான் செய்கிறது. நான் அதை மறுக்கவில்லை. 2019 டிசம்பரில் ஹைதராபாத்தில் பார்ப்பனர்களுக்கு மட்டுமான கிரிக்கெட் போட்டி என்று சுவரொட்டியே அடித்தார்கள். அடையாள அட்டை கொண்டுவர வேண்டுமாம். நாடே சிரித்தது. சிரித்ததோடு சரி.

ஆனால் மாவட்டத்துக்கு வாருங்கள். அங்கே கிளப் வைத்திருப்பவர் யார்? ரைஸ் மில், நூற்பாலை, பைனான்ஸ், கல்யாண மண்டபம், பொறியியல் கல்லூரி. வட மாவட்டத்தில் ஒரு சாதி, மேற்கில் ஒரு சாதி, தெற்கில் ஒரு சாதி. பெரும்பாலும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கும், நிலமும் காசும் கைவசம் இருக்கும் ஆதிக்கச் சாதிகள். பார்ப்பனரல்லாதார் கைக்கு வந்துவிட்டதால் அது சனநாயகமாகிவிட்டது என்று நாம் எண்ணுவதை விட்டுவிட்டோம். சென்னையில் பூணூலை எண்ணிய நாம், எங்கள் மாவட்டத்துச் சங்கத்தில் ஒரு பட்டியல் சாதிக்காரர் பெயராவது உறுப்பினர் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, கேட்கும் வரிசையில் என் அண்ணன் நின்றிருந்தும்கூட. பார்ப்பனர் ஒதுக்கினால் அது பார்ப்பனியம், நம் மேடையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்பவரின் உறவினர் ஒதுக்கினால் அது 'இடமில்லை'.

மைதானத்தைப் பாருங்கள். 2016இல் தொடங்கிய டிஎன்பிஎல் போட்டிகள் சென்னையைத் தாண்டி நடந்த இடங்கள் எவை? திண்டுக்கல் என்று டிவியில் சொல்வது நத்தத்தில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரி மைதானம். திருநெல்வேலி என்று சொல்வது சங்கர் நகரில் சிமெண்ட் ஆலையின் மைதானம். கோயம்புத்தூர் என்று சொல்வது இன்னொரு கல்லூரி மைதானம். புல் பிட்ச் என்பது தனிச்சொத்து. அதற்கு ரோலர் வேண்டும், தண்ணீர் வேண்டும், சம்பளத்துக்கு ஆள் வேண்டும். காலனிப் பையன் பதினெட்டு இருபது வயதுவரை பார்த்த பிட்ச் அறுவடை முடிந்த வயல். அங்கே பந்து எகிறும், தாழும், நேராகவும் வரும், எதற்கும் கணக்கில்லை. அதனால்தான் எங்களில் பந்து வீசுகிறவர்கள் உருவாகிறார்கள், மட்டையாளர்கள் உருவாவதில்லை. பந்து வீச ஒரு பந்தும் தோளும் போதும். மட்டையாட்டத்துக்கு ஆயிரம் நல்ல பந்துகளை நல்ல தரையில் சந்தித்திருக்க வேண்டும், பத்தாயிரத்தைத் தாண்டும் மட்டை வேண்டும், பேடு, கிளவுஸ், ஹெல்மெட் வேண்டும். உழைப்பைக் கொடு, சிந்திக்கிற வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற பழைய பாகப்பிரிவினை கிரிக்கெட்டில் இப்படித்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. கபடியில் கண்ணகி நகரிலிருந்து ஒரு கார்த்திகா வர முடிகிறது என்றால், அங்கே ஒரு திறந்த மைதானமும் விடாப்பிடியான ஒரு பயிற்சியாளரும் போதுமானதாக இருந்தார்கள் என்பதால்தான்.

“நடராஜன் வரவில்லையா?” என்பார்கள். வந்தார். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசிக்கொண்டிருந்தவர், இருபது வயதை ஒட்டித்தான் தோல் பந்துக்கே வந்தார். சென்னை லீக்கில் பிஎஸ்என்எல் அணிக்காக நான்காம் டிவிஷன், பிறகு முதல் டிவிஷன், ரஞ்சி, ஐபிஎல், 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியச் சட்டை, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட். அவர் ஏறிவந்த படிகள் லீக்கின் படிகள்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். சென்னை லீக்கில் ஏற்றமும் இறக்கமும் உண்டு, திறமையைக் கண்டுபிடிக்கும் கண்ணும் உண்டு. ஆனால் ஊரிலிருந்து அந்த முதல் படிவரை அவரைக் கொண்டுவந்து சேர்த்தது எந்தச் சங்கமும் இல்லை. ஜெயப்பிரகாஷ் என்ற ஒரு அண்ணனின் பிடிவாதம். நடராஜன் அந்தப் பெயரைக் கையில் பச்சை குத்தியிருப்பதை டிவியில் எல்லாரும் பார்த்தோம். ஒரு மாநிலத்தின் விளையாட்டு அமைப்பு ஒரு அண்ணனின் நல்ல மனதை நம்பி நடக்கிறது என்றால் அதை அமைப்பு என்று எப்படிச் சொல்வது? நடராஜனே அதைப் புரிந்துகொண்டவர் என்று தோன்றுகிறது. 2023இல் தன் ஊரிலேயே ஒரு மைதானம் கட்டித் திறந்தார்.

தென்னாப்பிரிக்கா 2016இல் தேசிய அணிக்கு ஒரு இலக்கு வைத்தது. சீசன் முழுவதற்கும் சராசரியாக அணியில் ஆறு பேர் வெள்ளையரல்லாதவர், அதில் இரண்டு பேர் கறுப்பின ஆப்பிரிக்கர். அதைக் காட்டி இந்திய அணியில் இடஒதுக்கீடு கேட்பவர்கள் நம்மில் உண்டு. நான் எதிர்க்கவில்லை. ஆனால் பதினொரு பேரில் இடம் கேட்பதற்கு முன்னால், பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்கும் அறையில் இடம் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2015இல் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு, 2016இல் ஏற்கப்பட்ட அதன் பரிந்துரைகள், எழுபது வயதுக்கு மேல் பதவி கூடாது, அமைச்சர்கள் கூடாது, ஒரு மாநிலத்துக்கு ஒரு ஓட்டு என்று மேல்மாடியைத்தான் பெருக்கின. அடியில் இருக்கும் கிளப்கள் யார் கையில் இருக்கின்றன என்பது அந்தச் சீர்திருத்தத்தின் கேள்வியாகவே இல்லை.

இது தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் உரிமை என்று சொல்வார்கள். இந்தியக் கிரிக்கெட் வாரியமே பதிவாகியிருப்பது நம்முடைய தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ்தான். தெருமுனை மன்றங்களுக்கான அதே சட்டம். வாரியம் செய்வது பொதுப்பணி, எனவே 226ஆவது பிரிவின் கீழ் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைத் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவரச் சட்ட ஆணையம் 2018இல் பரிந்துரைத்தது. சேப்பாக்கம் மைதானம் இருப்பது அரசு நிலத்தில், குத்தகைக்கு. இந்தியா என்ற பெயரும் தமிழ்நாடு என்ற பெயரும் வேண்டும், நம் பிள்ளைகள் கல்லூரி இடத்துக்கும் வேலைக்கும் காட்டும் சான்றிதழில் கையெழுத்துப் போடும் அதிகாரம் வேண்டும், உறுப்பினர் பட்டியலைக் கேட்டால் மட்டும் தனியார்.

அண்ணன் கதையை முடித்துவிடுகிறேன். மூன்றாவது சீசனில் அவன் பந்து வீச்சில் கிளப் ஒரு டிவிஷன் மேலே ஏறியது. அதைக் கொண்டாடத் தலைவர் வீட்டில் விருந்து. அண்ணனும் எங்கள் ஊரிலிருந்து போன இன்னொருவரும் அன்றைக்குப் போகவில்லை. வேலை இருந்தது என்றான். வேலை எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். கூப்பிட்டார்களா, கூப்பிட்டும் இவன் போகவில்லையா என்று நான் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு மேல் டிவிஷனுக்கு அனுபவம் வேண்டும் என்று வெளியூரிலிருந்து இரண்டு பேரைக் காசு கொடுத்துக் கூட்டி வந்தார்கள். அண்ணனுக்கு யாரும் வராதே என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் போன் வருவது நின்றது, அவ்வளவுதான். இப்போது அவன் டாடா ஏஸ் ஓட்டுகிறான். தோள் வலிக்கிறது என்பான். பந்து வீசிய தோளா, மூட்டை தூக்கிய தோளா என்று அம்மா கேட்பார்.

2024இல் தமிழ்நாடு அரசு கலைஞர் பெயரில் எல்லாக் கிராம ஊராட்சிகளுக்கும் விளையாட்டு உபகரணப் பெட்டிகள் கொடுத்தது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள். நல்ல திட்டம், அதில் கிரிக்கெட் சாமான்களும் உண்டு. எங்கள் ஊராட்சியில் அந்தப் பெட்டி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. அலுவலகம் ஊர்த்தெருவில் இருக்கிறது. சாவி ஒருவரிடம் இருக்கிறது. காலனிப் பிள்ளைகள் போய்க் கேட்டால் கொடுக்கக் கூடாது என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. இரண்டு முறை கேட்டார்கள், இரண்டு முறையும் சாவிக்காரர் இல்லை. மூன்றாவது முறை கேட்கப் போகவில்லை. 2023 ஜூனில் குஜராத்தின் பதான் மாவட்டத்தில், கிரிக்கெட் பார்க்க நின்ற தலித் சிறுவன் தன் பக்கம் வந்த பந்தை எடுத்தான் என்பதில் தொடங்கிய தகராறில் அவனுடைய மாமாவின் கட்டைவிரலை வெட்டினார்கள். அங்கே கத்தி, இங்கே சாவி. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பிள்ளைகள் மூன்றாவது முறை ஏன் போகவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், என்னிடம் இருப்பது சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஒவ்வொரு மாவட்டச் சங்கமும் தன் கிளப்களின் பட்டியலை வெளியிடட்டும்: எந்த ஆண்டு சேர்ந்தது, தலைவர் யார், உறுப்பினர்கள் எத்தனை பேர், கடைசியாக எந்த ஆண்டு புதிய கிளப்பைச் சேர்த்தார்கள். கடைசி டிவிஷன் யாருக்கும் மூடியிருக்கக் கூடாது. பதினைந்து பேரும் ஒரு முகவரியும் இருந்தால் ஆடலாம் என்று இருக்க வேண்டும். இடமில்லை என்றால் இன்னொரு டிவிஷன் சேர்ப்பதற்கு என்ன தடை? புல் பிட்ச் இல்லாவிட்டால் மேட் போட்டு ஆடலாம், மாவட்ட லீக்குகள் பல காலம் மேட்டில் ஓடியவைதான். தொகுதிக்கு ஒன்று என்று அரசு அறிவித்திருக்கும் சிறு விளையாட்டரங்கங்களில் ஒரு மேட் பிட்ச் போட்டு, அதை முதலில் கிளப் இல்லாத அணிகளுக்குக் கொடுக்கலாம். உறுப்பினர் பதிவேட்டில் பட்டியல் சாதியினரும் பெண்களும் இல்லாத சங்கத்துக்கு அரசு மைதானத்தைக் கொடுக்க மாட்டோம் என்று விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒரு வரி எழுதலாம். அதற்கு உச்ச நீதிமன்றம் போக வேண்டியதில்லை.

நாங்கள் எங்கள் அளவில் ஒன்று செய்திருக்கிறோம். சங்கப் பதிவுக்கு ஏழு பேர் வேண்டும். எங்கள் காலனியில் ஆறு பேர் உடனே கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவதாக நான் போட்டேன். அண்ணன் தலைவர் ஆக மறுத்தான், “நமக்கு எதுக்கு” என்றான். இரண்டு நாள் கழித்து அவனே வந்து பேனாவை வாங்கிக்கொண்டான். பதிவு முடிந்து, மாவட்டச் சங்கத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. இந்த முறை மரியாதைச் சொற்களைக் குறைத்து எழுதினேன். இணைப்பாக, 2005 முதல் 2013 வரை நாங்கள் ஆடிய ஆட்டங்களின் பட்டியல் ஒன்றையும் ஸ்கோர் நோட்டுகளிலிருந்து எடுத்து வைத்தேன். வேறு மாவட்டங்களில் இப்படி விண்ணப்பித்தவர்கள், விண்ணப்பித்துத் திரும்பி வந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். சேர்த்து வைத்துக் கேட்கலாம்.

விண்ணப்பம் அனுப்பி ஏழு வாரம் ஆகிறது. ஒப்புகை அட்டை வந்துவிட்டது. அதில் அந்தக் கடையின் முத்திரை இருக்கிறது.